பழைய கார் கிட் கற்றுத்தரும் தொழில்

நெய்வேலியில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வரும் பிள்ளைக்கு வீட்டிலும் தெருவிலும் கிடைக்கும் முதல் அறிவுரை ஒன்றுதான்: "அப்ரண்டிஸுக்கு எழுதிப் போடு." சரியான அறிவுரை. ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன், மோட்டார் மெக்கானிக் என்று பல பிரிவுகளில் இங்கே நிலக்கரிச் சுரங்கமும் மின் நிலையமும் நடத்தும் என்.எல்.சி. நிறுவனம் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது. அங்கே கை பழகினால் அந்தப் பழக்கம் ஆயுளுக்கும் நிற்கும். ஆனால் பயிற்சி முடித்த எல்லாருக்கும் நிரந்தர வேலை கிடைப்பதில்லை என்பது டவுன்ஷிப்பில் யாருக்கும் தெரியாத செய்தியல்ல. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கும் மாதங்களில் என்ன செய்வது? பழைய பிளாஸ்டிக் மாடல் கார்களைக் கட்டிப் பழகுங்கள் என்கிறேன்.

பொழுது போகட்டும் என்று இதைச் சொல்லவில்லை. 'மாடல் மேக்கர்' என்று ஒரு வேலை இருக்கிறது. கட்டட நிறுவனத்துக்கு அடுக்குமாடி மாதிரி செய்பவர், சினிமா கலைப் பிரிவில் மினியேச்சர் செய்பவர், கார் கம்பெனியின் டிசைன் ஸ்டூடியோவில் களிமண்ணில் வண்டி வடிப்பவர், 3டி பிரிண்டரிலிருந்து வரும் சொரசொரப்பான உருவைத் தேய்த்துப் பெயின்ட் அடித்துக் காட்சிக்கு வைப்பவர் எல்லாரும் அந்த இனம்தான். இவர்களிடம் கேட்கப்படுவது மூன்றே விஷயங்கள்: அளவு தப்பாமல் இருக்க வேண்டும், பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும், சொன்ன நாளில் தர வேண்டும். மூன்றையும் சொற்பச் செலவில், வீட்டு மேஜையிலேயே பழக ஒரு கார் கிட் போதும்.

இந்தப் பாதையில் பெரிய ஆட்களே நடந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் பாடி கட்டும் பிரிவான ஃபிஷர் பாடி, 1930 முதல் 1968 வரை பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக மாடல் செய்யும் போட்டி நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டி. பிறகு மாணவர்கள் தாங்களே வடிவமைத்த 1/12 அளவு கார். பரிசு கல்லூரிக்கான உதவித்தொகை. 1947இல் வென்ற சக் ஜோர்டன் என்ற மாணவர் பின்னாளில் அதே ஜெனரல் மோட்டார்ஸில் டிசைன் பிரிவின் துணைத் தலைவராக உயர்ந்தார். போட்டி நடத்திய நிறுவனம் இளைஞர்களுக்கு நல்லது செய்தது உண்மை. தனக்கு வேண்டிய கைகளை முன்கூட்டியே கண்டுபிடித்துக்கொண்டது என்பதும் உண்மை. மாடல் செய்த கையை நிறுவனங்கள் தேடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

<b>புதியதை வாங்காதீர்கள்</b>

கிட் என்பது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வார்த்த துண்டுகள் ஒரு சட்டத்தில் கோத்து வரும் பெட்டி. 1948இல் தொடங்கிய அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் முதலில் கார் டீலர்களுக்கு விளம்பர மாதிரிகள் செய்தது. 1958 முதல் ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டும் கிட்டுகளை விற்றது: கம்பெனி வண்டியாக, அலங்கார வண்டியாக, பந்தய வண்டியாக. அமெரிக்க கிட்டுகள் பெரும்பாலும் 1/25 அளவு. டமியா, ஃபுஜிமி, ஹசெகாவா போன்ற ஜப்பான் கம்பெனிகளுடையது 1/24. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் 1/32.

இன்று புதிய கிட் வாங்குவது நம் ஊரில் செலவுள்ள காரியம். பொம்மை இறக்குமதிக்கான சுங்க வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. அளவு குறைத்த மாடல்களும் அதே தலைப்பில்தான் வருகின்றன. கற்றுக்கொள்ளும் காலத்தில் அந்த விலை கொடுக்கத் தேவையே இல்லை. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ சித்தப்பா வாங்கி வந்து, பாதி ஒட்டிப் பரணில் போட்ட வண்டி எத்தனையோ வீடுகளில் கிடக்கிறது. பசை வழிந்து, பெயின்ட் தடித்து, சக்கரம் ஒன்று காணாமல் போன அந்த வண்டிதான் உங்கள் முதல் பாடப்புத்தகம். புதிய கிட் ஒட்ட மட்டுமே கற்றுத்தரும். பழையதைப் பிரித்தால், செய்தவர் எங்கே அவசரப்பட்டார், எங்கே அளவு விட்டார் என்று படிக்கக் கற்றுக்கொள்வீர்கள். வேலையில் கேட்கப்போவது இந்தக் கண்தான்.

<b>பிரிப்பதில் இருக்கிறது வித்தை</b>

முதலில் படம் எடுங்கள். மேலே, கீழே, நான்கு பக்கம், உள்ளே இருக்கை, எஞ்சின். பிறகு வண்டியை ஒரு பாலிதீன் பையில் கட்டி ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். குளிரில் பழைய பசை நொறுங்கும் பதத்துக்கு வரும். காலையில் எடுத்து, ஒட்டிய இடத்தில் விரல் நகத்தளவு அழுத்தம் கொடுத்து மெதுவாக வளைத்தால் பல இணைப்புகள் 'டக்'கென்று விடும். விடாத இடத்தில் பலம் காட்டாதீர்கள். மெல்லிய ரம்பத்தால் அறுத்துவிடுவதே மேல்.

அடுத்தது பெயின்ட். நெய்வேலி, வடலூர், விருத்தாசலம் எங்கே போனாலும் டிங்கரிங் கடையில் என்.சி. தின்னர் கிடைக்கும். அதைத் தொடாதீர்கள். தின்னரும் அசிட்டோனும் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். ஐந்து நிமிடத்தில் போனட் கூழாகும். எனாமல் பெயின்டை எடுக்க டாட்-3 பிரேக் ஆயில் போதும். மூடியுள்ள டப்பாவில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேயுங்கள். அக்ரிலிக் என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பம்பரிலும் கிரில்லிலும் உள்ள பளபளப்பு, ஆவியாக்கிப் படிய வைத்த மெல்லிய அலுமினியப் படலம். துணி வெளுக்கும் பிளீச்சில் போட்டால் சில நிமிடங்களில் கரைந்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால், வெளியில் தெரியாத ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள். கையுறை கட்டாயம். பிளீச்சோடு வேறெந்த ரசாயனத்தையும் கலக்கக் கூடாது. பிரேக் ஆயிலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

பழைய கிட்டில் எல்லாரையும் திகைக்க வைக்கும் ஒரு நோய் உண்டு. டயர் மென்மையான வினைலால் ஆனது. அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தை உருக்கிவிடும். பெட்டியைத் திறந்தால் டயர் வட்டத்தில் பள்ளம் விழுந்த சக்கரமும், டயர் சாய்ந்து கிடந்த இடத்தில் வடு விழுந்த பாடியும் இருக்கும். பள்ளத்தை நிரப்பித் தேய்த்துக்கொள்ளலாம். ஆனால் மறுபடி கோக்கும்போது சக்கரத்துக்கும் டயருக்கும் நடுவில் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றைச் சுற்றிவிடுங்கள். கட்டாமல் எடுத்து வைப்பதானால் டயர்களைத் தனிப் பையில் போடுங்கள். இதைச் செய்து கொடுத்து, ஏன் செய்தோம் என்றும் சொல்லுகிற ஆளிடம் சேகரிப்பாளர் மறுபடியும் வருவார்.

வளைந்துபோன பாடியை, கை பொறுக்காத சூட்டிலுள்ள தண்ணீரில் அமிழ்த்தி மெல்ல நிமிர்த்தலாம். கொதிக்கும் நீர் கூடாது, பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போதே துவண்டுவிடும். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கர் தாள் மஞ்சளடித்திருந்தால், அதை வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வைத்தால் வெளுக்கும். நம் ஊர் வெயிலுக்கு இது சுலபமான வேலை. வெளுத்த பிறகு அதன்மேல் ஒரு கோட் கிளியர் அடிக்காமல் தண்ணீரில் போடாதீர்கள். பழைய படலம் தூள்தூளாகிவிடும். உடைந்த மூலைக்கு எம்-சீல் போதும். சிறு இடுக்குக்கு, கிட் சட்டத்தின் துண்டுகளையே மாடல் பசையில் கரைத்துக் கூழாக்கி நிரப்புங்கள். காய்ந்ததும் அதே பிளாஸ்டிக்காகவே இருக்கும், தேய்த்தால் கோடு தெரியாது.

காணாமல் போன சக்கரத்துக்கு இருக்கும் சக்கரத்தையே மாதிரியாக வைத்து சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுத்து ரெசினில் வார்க்கலாம். அச்சு என்றால் என்ன, காற்றுக் குமிழி எங்கே தங்கும், இரண்டு பாதி எங்கே சேர வேண்டும் என்பதையெல்லாம் நேரில் பார்க்க ஆசையிருந்தால் பக்கத்துப் பண்ருட்டிக்குப் போய்வாருங்கள். காகிதக் கூழிலும் களிமண்ணிலும் கொலு பொம்மை செய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். பொருள் வேறு, சூத்திரம் ஒன்று.

<b>சென்னையில் பிறந்த ஹெரால்டு</b>

பழுது பார்க்கக் கற்றபின் மாற்றிக் கட்டுவது. பலரும் இந்த இடத்தில் அமெரிக்க வண்டிக்குத் தீச்சுவாலை வரைவதில் இறங்குகிறார்கள். அழகுதான். ஆனால் உங்களுக்கென்று பெயர் வாங்கித் தரப்போவது நம் சாலையில் ஓடிய வண்டிகள். அவற்றுக்குப் பெட்டியில் கிட் கிடைப்பது அரிது. செய்யத் தெரிந்தவர்களும் அரிது.

நான் பரிந்துரைக்கும் முதல் வேலை ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை, சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் செய்தது. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டு கதவு. இந்தியக் குடும்பத்துக்கு அது ஒத்துவராது என்று பின்னர் இங்கே நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். அது இந்தியாவுக்கு மட்டுமே உரிய வண்டி. ஏர்ஃபிக்ஸ் 1/32 அளவில் டிரையம்ஃப் ஹெரால்டு கிட் வெளியிட்டிருக்கிறது. கையில் பிடித்தால் 12 சென்டிமீட்டர் நீளம். அந்த இரண்டு கதவு வண்டியை நான்கு கதவாக மாற்றுவதுதான் பயிற்சி.

பழைய கதவுக் கோட்டைப் பிளாஸ்டிக் கூழால் நிரப்பி, 400, 600, 1000 என்று எமரி ஷீட்டில் தண்ணீர் போட்டுத் தேயுங்கள். நடுத்தூணைப் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி வையுங்கள். புதிய கதவுக் கோட்டைக் கத்தியின் முனையால் அல்ல, முதுகால் கீற வேண்டும்; முனை பிளாஸ்டிக்கைப் பிளந்து இரண்டு பக்கமும் மேடு எழுப்பும், முதுகு இழை இழையாகச் சீவி எடுக்கும். டைமோ டேப்பை விளிம்பாக ஒட்டிக்கொண்டு, அழுத்தாமல் பத்துப் பதினைந்து முறை இழுங்கள். கைப்பிடி இரண்டு கூடுதலாக வேண்டும், அவற்றை மேலே சொன்ன அச்சு முறையில் வார்த்துக்கொள்ளுங்கள். அளவுக்கு இணையப் படத்தை நம்பாதீர்கள். பழைய கார் அணிவகுப்புகளிலும் ஊர்ப்புற ஷெட்டுகளிலும் ஹெரால்டு இன்னும் இருக்கிறது. உரிமையாளரிடம் கேட்டு டேப் வைத்து அளந்து வாருங்கள். பழைய வண்டிகளின் விளிம்பு வேலைகளைப் பக்கத்தில் நின்று பார்க்க, கோவை அவிநாசி சாலையில் 2015 முதல் இருக்கும் ஜீடி கார் மியூசியத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டும்.

அடுத்து அம்பாசடர். 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை உத்தரபாராவில் செய்த வண்டி, இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் பிள்ளை. நீளம் 4,325 மில்லிமீட்டர், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2,464. 1/24இல் செய்தால் 180 மி.மீ., 103 மி.மீ. இந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு வேறு கிட்டின் சேஸிஸை வெட்டி நீட்டலாமா, குறைக்கலாமா என்று பார்ப்பதே ஒரு நாள் பாடம். நம் ஊரில் அம்பாசடரில் அலுவலகம் போன அதிகாரிகளும், அதை ஓட்டிய டிரைவர்களும் இன்றும் இருக்கிறார்கள். கதவு சாத்தும் சத்தத்தைக்கூட நினைவு வைத்திருப்பவர்கள். உங்கள் வேலையில் கூரையின் வளைவு ஒரு நூல் தப்பினாலும் முதல் பார்வையில் சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் காட்டித் திட்டு வாங்குங்கள், விலையில்லாத பயிற்சி அது.

<b>நம் ஊர்க் காற்று</b>

வெளிநாட்டுப் புத்தகம் சொல்கிறபடி இங்கே பெயின்ட் அடிக்க முடியாது. நிலக்கரித் தூளும் சாம்பலும் காற்றில் இருக்கும் ஊர் இது. ஈரப் பெயின்டில் ஒரு கரும்புள்ளி விழுந்தால் மொத்தக் கோட்டையும் தேய்க்க வேண்டும். ஜன்னலை மூடி, தரையில் தண்ணீர் தெளித்து, அடித்த கையோடு வண்டியைப் பிளாஸ்டிக் டப்பாவால் கவிழ்த்து மூடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் லாக்கர் பெயின்ட் பால்போல் வெளுத்துப்போகும். காற்றிலுள்ள ஈரம் உள்ளே மாட்டிக்கொள்வதுதான் காரணம். அந்த மாதங்களை வெட்டுவதற்கும் தேய்ப்பதற்கும் ஒதுக்கிவிட்டு, பெயின்டைத் தை பிறந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். டிங்கரிங் கடை பிரைமரை அடிப்பதென்றால் தூரத்திலிருந்து பனிபோல் மெல்லியதாக, கோட்டுக்குக் கோட் காயவிட்டு அடியுங்கள். ஒரேயடியாக நனைத்தால் அதிலுள்ள தின்னர் பாடியைக் கடிக்கும். மூடிய அறையில் அடிக்கும்போது ரசாயன முகக்கவசம் போடுங்கள். துணி மாஸ்க் தூசியைத்தான் ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

<b>யார் காசு கொடுப்பார்கள்?</b>

டவுன்ஷிப்பில் மாதக் கடைசி என்றால் பணி ஓய்வுப் பாராட்டு விழா. பொன்னாடை, மோதிரம், சுவர்க்கடிகாரம் என்று வழக்கமான பரிசுகள். சுரங்கத்தில் சக்கர வாளிகளால் மண் வெட்டும் பக்கெட் வீல் இயந்திரத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவருக்கு அதே இயந்திரத்தை மேஜை மேல் வைக்கும் அளவில் செய்து கொடுத்துப் பாருங்கள். 700 லிட்டர் வாளியா, 1,400 லிட்டர் வாளியா என்று அவர் பார்த்ததுமே சொல்லும்படி இருக்க வேண்டும். ஜெர்மனியின் 289ஆம் எண் பக்கெட் வீலை ரெவெல் நிறுவனம் 1/200 அளவில் கிட்டாகவே விட்டது என்பதிலிருந்து, உலகம் முழுக்க இதற்கு ஆசைப்படுபவர்கள் உண்டு என்று தெரிகிறது. நீங்கள் கார் கிட்டில் பழகிய அதே பிளாஸ்டிக் ஷீட், அதே பசை, அதே தேய்ப்புதான். கன்வேயர், ஸ்பிரெடர், டம்பர் லாரி என்று பட்டியல் நீளும். வீட்டின் முதல் காரை மாடலாகக் கேட்பவர்கள் உண்டு. நவராத்திரி கொலுவில் சாலையும் பூங்காவும் அமைப்பவர்கள் உண்டு. பழைய கிட் சேகரிப்பவர்கள் நாடு முழுவதும் உண்டு.

விலை சொல்வதில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். நேரத்தை எழுதி வையுங்கள். வண்டிக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று, ஒரு மணிக்கு உங்கள் ஊரில் நல்ல பெயின்டருக்கு என்ன கூலி, பொருள் செலவு என்ன, இவற்றைக் கூட்டி, தவறிப்போவதற்கும் மறுபடி செய்வதற்கும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுங்கள். பாதி முன்பணம் வாங்காமல் கத்தியை எடுக்காதீர்கள். தெரிந்தவர், மாமா, அலுவலகத்து சார் என்று இலவசமாகச் செய்யத் தொடங்கினால் இது பொழுதுபோக்காகவே முடியும். பழைய கிட் விற்பவரும் வாங்குபவரும் நம்பும்படி, எந்தத் துண்டு அசல், எந்தத் துண்டு நீங்கள் வார்த்தது என்று ஒரு தாளில் எழுதி வண்டியோடு கொடுங்கள். வார்த்ததை அசல் என்று விற்பது மோசடி. ஒரு முறை மாட்டினால் இந்தச் சிறிய உலகத்தில் பெயர் திரும்பாது.

சில விதிகள். 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆகவே உங்கள் வேலையைச் சிறுவர் பொம்மையாக விற்காதீர்கள், காட்சிப் பொருள் என்றே பில்லில் எழுதுங்கள். சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது. நிறுவனத்தின் சின்னத்தையும் கேட்காமல் போடக் கூடாது. குவார்ட்டர்ஸில் தொழில் நடத்த ஒதுக்கீட்டு விதி இடம் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் நிரந்தர ஊழியர் இருந்தால் தொழில் அவர் பெயரில் வேண்டாம், நடத்தை விதிகளின்படி அவருக்கு முன் அனுமதி வேண்டும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

<b>சம்பள வேலைக்கு</b>

மாடல் பட்டறையை நம்பி வீட்டை நடத்த முடியாது என்று பெற்றோர் சொன்னால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அப்படியானால் இதை நுழைவுச் சீட்டாக வைத்துக்கொள்ளுங்கள். சென்னையைச் சுற்றி மஹிந்திரா, ரெனோ நிசான், அசோக் லேலண்ட், ராயல் என்ஃபீல்டு என்று ஆய்வு, வடிவமைப்பு மையங்கள் இருக்கின்றன. கார் டிசைனில் களிமண் மாதிரி செய்யும் வழக்கத்தை ஜெனரல் மோட்டார்ஸில் ஹார்லி ஏர்ல் வேரூன்றச் செய்து நூறு ஆண்டு ஆகப்போகிறது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அது ஒழியவில்லை. ஒளி ஒரு வளைவில் எப்படி ஓடுகிறது என்பதைத் திரையைவிடக் கையும் கண்ணும் சரியாகச் சொல்கின்றன. இந்த மையங்களுக்கும் அவற்றுக்கு வேலை செய்து கொடுக்கும் 3டி பிரிண்ட் பட்டறைகளுக்கும் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு ஒரு படத்தொகுப்பையும் கொண்டு போங்கள். முடிந்த வண்டியின் பளபளப்புப் படம் மட்டும் போதாது. பரணிலிருந்து எடுத்த நிலை, பிரித்த நிலை, பிரைமர் அடித்த நிலை, முடிந்த நிலை என நான்கு படம். தேர்வு செய்பவர் கூர்ந்து பார்க்கப்போவது மூன்றாவதைத்தான். சாம்பல் நிறப் பிரைமரில் எந்தக் குறையும் ஒளியாது.

படிப்பைத் தொடர நினைப்பவர்களுக்கு, கிண்டியில் 1968 முதல் இயங்கும் மத்திய அரசின் சிப்பெட் நிறுவனம் இருக்கிறது. பிளாஸ்டிக் அச்சுத் தொழில்நுட்பத்தில் மூன்றாண்டு டிப்ளமோ தருகிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்தால் போதும். கார் கிட் எந்த அச்சில் வார்க்கப்படுகிறதோ அந்த அச்சைச் செய்யவே அங்கே கற்றுத்தருகிறார்கள். டிகிரி முடித்தவருக்கு தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (என்.ஐ.டி.) காந்திநகர் வளாகத்தில் பொம்மை, விளையாட்டு வடிவமைப்புக்கும் வாகன வடிவமைப்புக்கும் முதுநிலைப் படிப்புகள் உண்டு. இரண்டு இடத்துக்கும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். உங்கள் வீட்டில் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளை இருந்து, அவன் அல்லது அவள் எதையாவது பிரித்து மறுபடி கோத்துக்கொண்டே இருக்கும் ஜாதியாக இருந்தால், சிப்பெட் சேர்க்கை அறிவிப்பு எப்போது வருகிறது என்று இந்த வாரமே பார்த்து வையுங்கள்.